வால்வு ஆம்ப்பும் கொங்குச் சாலைகளும்: வழியில் உண்மையில் எது பழுதாகிறது?

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்து வாசிக்கும் கிதார் கலைஞரிடம் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "வண்டில போறப்ப கண்ணாடி ஒடஞ்சு போயிராதுங்களா?" என்பதுதான். கேள்வியில் நியாயம் உண்டு. பெட்டியின் பின்பக்கம் வரிசையாக மின்னும் கண்ணாடிக் குழல்களைக் கண்டால் தூக்குவதற்கு யாருக்கும் கை கூசும். ஆனால் கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு, மாரியம்மன் நோம்பி என்று 15 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பெட்டிகளை ஏற்றி இறக்கியும், பிறர் கொண்டுவந்தவற்றைத் திறந்து பழுது பார்த்தும் வந்ததில், வழியில் கண்ணாடி நொறுங்கி நான் கண்டது மிகச் சில முறைதான். டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட் தளர்ந்து, பாகங்களைத் தாங்கும் சேஸிஸ் தகடு வளைந்திருப்பதையும், சாக்கெட்டிலிருந்து வால்வு பாதி கழன்று நிற்பதையும், ஸ்பீக்கர் ஒயர் பிடுங்கிக்கொண்டிருப்பதையும், வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே வால்வு பாழாகியிருப்பதையும் பல முறை கண்டிருக்கிறேன். கண்ணாடியைப் பற்றிய அச்சம் நம் கவனத்தைத் தவறான இடத்தில் நிறுத்திவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். கண்ணாடிக்குத் துணி சுற்றிவிட்டு, எடையையும் சூட்டையும் ஓயாத குலுக்கலையும் மறந்துவிடுகிறோம்.

டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் வீட்டுக் கூடத்தில் இருந்த வால்வு ரேடியோவை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் உள்ளமைப்பு புதிதல்ல. குமிழைத் திருகியவுடன் பாட்டு வராது. உள்ளே செம்மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஏறிய பிறகே குரல் எழும். கிதார் ஆம்ப்பும் அப்படித்தான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கண்ணாடிக் குழலின் நடுவில் ஹீட்டர் என்னும் இழையும், அதைச் சுற்றிக் கேத்தோடும், அதற்கு வெளியே மெல்லிய கம்பியால் சுற்றிய கிரிட்டும், எல்லாவற்றையும் சூழ்ந்து ஆனோடு என்னும் தகடும் இருக்கின்றன. சூடேறிய கேத்தோடிலிருந்து தகட்டை நோக்கிப் பாயும் எலெக்ட்ரான்களை, கிரிட்டில் வந்து விழும் கிதாரின் சிறிய சிக்னல் கூட்டிக் குறைக்கிறது; அதுவே பெருக்கம். முதல் கட்டப் பெருக்கத்துக்குப் பரவலாகப் பயன்படும் 12ஏஎக்ஸ்7 வால்வில் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். அந்த இடைவெளி மாறாமல் நிற்கும்வரைதான் வால்வு ஒழுங்காக வேலை செய்யும். உள்பாகங்களைப் பிடித்து நிறுத்துபவை மைக்கா வில்லைகள். பல மாதங்கள் குலுங்கிக் குலுங்கி அந்த வில்லைகளின் துளைகள் தேய்ந்துவிட்டால், பாகங்கள் தாமாகவே அதிரத் தொடங்குகின்றன. பென்சிலால் மெல்லத் தட்டினால்கூட ஸ்பீக்கரில் மணி அடித்தது போல் ஒலி எழும். மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

வால்வு என்ற பொருளே மென்மையானது என்று எண்ணிவிடவும் கூடாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் பீரங்கிக் குண்டின் முனையிலேயே ஒரு சிறு ரேடியோவைப் பொருத்தி, குண்டு விமானத்தை நெருங்கியதும் தானாக வெடிக்கும்படி செய்தார்கள். 1943-இல் போர்க்களத்துக்கு வந்த அந்தக் கருவிக்குள் இருந்தவை கண்ணாடி வால்வுகளே. பீரங்கியிலிருந்து பாயும் கணத்தில் புவியீர்ப்பைப்போல் சுமார் 20,000 மடங்கு விசையை அவை தாங்கின. மிகச் சிறியவையாகவும் எடை குறைந்தவையாகவும், அசைய இடமின்றி இறுக்கிப் பொதியப்பட்டவையாகவும் அவை இருந்தது இதற்கு முக்கியமான காரணம். நம் ஆம்ப்பில் இருக்கும் இஎல்34 போன்ற பவர் வால்வு நேர்மாறானது: உயரமானது, பருத்தது, அடியில் மட்டும் சாக்கெட்டில் செருகப்பட்டு மேலே பிடிமானம் இல்லாமல் நிற்பது. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ வகைகள் பலவற்றில் சேஸிஸ் பெட்டியின் மேல்பக்கத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், வால்வுகள் தலைகீழாகத் தொங்குகின்றன. அவற்றை விழாமல் பிடித்திருப்பவை ஸ்பிரிங் கிளிப்புகளும் சாக்கெட்டின் இறுக்கமும் மட்டுமே. கிளிப் ஒன்று தொலைந்துபோயிருந்தால் அன்றே புதிது வாங்கிப் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது எடை. ஒரு வால்வு ஆம்ப்பின் எடையில் பெரும்பங்கு இரும்பும் செம்பும் சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் உரியது. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், வாக்ஸ் ஏசி30 போன்ற இரட்டை ஸ்பீக்கர் காம்போக்கள் 30 கிலோவை ஒட்டி இருக்கும். நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட கேபினெட் தனியாகவே 35 கிலோவைத் தாண்டும். பவர் டிரான்ஸ்ஃபார்மர் சேஸிஸின் ஒரு முனையில் இருப்பதால் எடை சமமாகவும் இல்லை. நடுக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் ஒரு பக்கம் சரியும். இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்டி கை நழுவி 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழுகிறது என்று கொள்வோம். தரையும் பெட்டியும் சேர்ந்து அரை சென்டிமீட்டருக்குள் அதை நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் மீதும் அதன் எடையைப்போல் சராசரியாக 60 மடங்கு விசை விழுகிறது. 5 கிலோ டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கணத்தில் 300 கிலோவாகத் தன்னைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்களை இழுக்கிறது. அதே பெட்டி 3 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும் ஃபோம் மீது விழுந்தால் 10 மடங்கு, அதாவது 50 கிலோ. வால்வுகள் சில கிராம்களிலிருந்து நூறு கிராம் வரைதான் என்பதால், கீழே போட்ட ஆம்ப்பில் வால்வு ஒளிர்ந்துகொண்டிருக்க, டிரான்ஸ்ஃபார்மர் அடியில் சேஸிஸ் குழிந்து கிடப்பது ஏன் என்று இந்தக் கணக்கிலிருந்து விளங்கும்.

சூட்டைப் பற்றிச் சொல்லும்போது நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஒரு நோம்பிக் கச்சேரி. இரவு இரண்டு மணியைத் தாண்டி முடிந்தது. காலையில் திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்க வேண்டும். ஏற்ற வந்த தம்பி பெட்டியின் பின்புறம் கை வைத்துவிட்டு, "அண்ணா, சுடுதுங்க, சித்த நேரம் பொறுக்கலாமுங்களா?" என்று கேட்டான். நேரமில்லை என்று நான்தான் அவசரப்படுத்தினேன். பனிக்காற்றில் அப்படியே தூக்கி, வண்டியின் கடைசியில், பின்சக்கரத்துக்கும் பின்னால் இருந்த இடத்தில் வைத்தோம். ஊர் எல்லையில் வெள்ளைக்கோடு இல்லாத ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி விழுந்தது. காலையில் மண்டபத்தில் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, இரண்டு பவர் வால்வுகளில் ஒன்றின் உச்சியில் இருக்க வேண்டிய வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தது. அடியில், உலோகக் கம்பி கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில், தலைமுடியளவு ஒரு கீறல். குழலைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் அது கண்ணில் பட்டது.

அந்த வெள்ளிப் பூச்சின் பெயர் கெட்டர். வால்வுக்குள் எஞ்சியிருக்கும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகத் தயாரிக்கும்போதே பூசப்படுவது அது. வெளிக்காற்று நுழைந்துவிட்டால் காற்றோடு சேர்ந்து வெள்ளையாகிவிடும். வெளுத்த வால்வு மீளாது. அதை வைத்துச் சுவிட்சைப் போடவும் கூடாது. ஓடிக்கொண்டிருந்த வால்வின் கண்ணாடி, தொட முடியாத சூட்டில் இருக்கிறது. உள்ளே உலோகப் பாகங்கள் விரிந்து நிற்கின்றன. கண்ணாடியும் உலோகமும் சேரும் இடத்தில் இழுவிசை ஏறியிருக்கிறது. அந்த நிலையில் குளிர்காற்றும் அடியும் ஒன்றாகச் சேரும்போதுதான் கீறல் விழுகிறது. ஆகவே கடைசிப் பாட்டு முடிந்ததும் முதலில் அணைக்க வேண்டியது ஆம்ப். வண்டியில் கடைசியாக ஏற வேண்டியதும் அதுவே. இடையில் கேபிள் சுருட்டி, பெடல்களை அடுக்கி, டிரம்ஸைக் கழற்றி ஏற்றுவதற்குள் 20 நிமிடங்கள் ஆகிவிடும். அந்த நேரம் போதும். சூட்டோடு மூடியைப் போட்டு அடைத்துவிடுவதும் தவறு; சூடு உள்ளேயே தங்கி ஆறுவது இன்னும் தாமதமாகும்.

வண்டி விஷயத்தில் நம் ஊர்க் குழுக்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது குட்டி யானை என்று அழைக்கும் டாடா ஏஸை. 2005-இல் வந்த அந்த வண்டி மேளக்காரர் முதல் மைக் செட்காரர் வரை எல்லோருக்கும் கைகொடுத்திருக்கிறது. ஆனால் சுமார் 750 கிலோ சுமையை எண்ணி அமைத்த பட்டை ஸ்பிரிங் மீது, டிரம்ஸும் கீபோர்டும் இரண்டு ஆம்ப்பும் சேர்ந்த 150 கிலோவை ஏற்றினால், ஸ்பிரிங் வளைந்து கொடுப்பதில்லை. சாலையின் ஒவ்வொரு குண்டும் குழியும் தளத்துக்கு அப்படியே வந்து சேர்கிறது. பாரம் ஏற்றிய லாரி நிதானமாகப் போவதையும் திரும்பி வரும் காலி லாரி தடதடத்துத் துள்ளுவதையும் சங்ககிரிச் சாலையில் நின்று பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் தளம் சவுக்கு நுனிபோல் மற்ற இடங்களைவிட அதிகமாகத் துள்ளும். அங்கே ஆம்ப்பை வைக்கவே கூடாது. ஓட்டுநர் அறையை ஒட்டி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தளத்தில் மட்டமாக நிற்க வேண்டும். கார் இருந்தால் அதுவே மேல். பின்இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டுவிட்டால், மனிதருக்காகச் செய்த மெத்தையும் சஸ்பென்ஷனும் அந்தப் பெட்டிக்கும் கிடைத்துவிடும். சிறிய காம்போவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

குலுக்கலைத் தாங்கப் பொதிவது எப்படி என்பதை நாமக்கல் முட்டை லாரிகளிடம் கற்றுக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் முட்டைக்குத் தடித்த மெத்தை எதுவும் இல்லை; வெறும் காகிதக்கூழ் தட்டுதான். ஒவ்வொரு முட்டையும் தனக்கென ஒரு குழியில், பக்கத்து முட்டையைத் தொடாமல், நகர இடமின்றி அமர்ந்திருக்கிறது. எடை ஒரு புள்ளியில் விழாமல் குழி முழுவதும் பரவுகிறது. ஆம்ப்புக்கும் அதேதான் தேவை. சுற்றிலும் இறுக்கமாகப் பொருந்தும் 5 சென்டிமீட்டர் கெட்டி ஃபோம் வைத்த பிளைவுட் பெட்டி, மூலைகளில் இரும்புக் கவசம், அடியில் பூட்டும் சக்கரங்கள் என்று ஃப்ளைட் கேஸ் ஒன்றை உள்ளூர்த் தச்சரிடமே செய்துகொள்ளலாம். கோவையின் பம்ப், மோட்டார் தொழிலுக்குப் பெட்டி அடித்துப் பழகியவர்களுக்கு எடையுள்ள பொருளை எப்படி நிறுத்துவது என்பது தெரியும். நாம் அளவைச் சரியாகக் கொடுத்தால் போதும். ஃபோம் கையால் அமுக்கியதும் தட்டையாகிவிடும் வகையாக இருந்தால் 30 கிலோவுக்கு உதவாது. ஆம்ப்பின் எடையிலேயே முழுவதும் அமுங்கிவிடும், பள்ளம் வரும்போது கொடுக்க மிச்சம் எதுவும் இருக்காது.

கையில் கிடைப்பதை வைத்துப் பொதியும் வழக்கமும் இங்கே உண்டு. பவானி ஜமுக்காளத்தை மடித்து அடியில் போடுவார்கள். பெட்டி வழுக்காது, தோல் உறை கீறாது, ஆனால் அழுத்தமான நெசவு என்பதால் அதிர்வைத் தாங்காது. திருப்பூர் பனியன் வேஸ்ட் அடைத்த மூட்டை நன்றாகவே தாங்கும். அதை உறைக்குள் தைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசிறு பறந்து வால்வு சாக்கெட்டிலும் வால்யூம் குமிழிலும் புகுந்துகொள்ளும். பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் ரப்பர் கலந்த தென்னை நார் மெத்தை இவற்றில் எனக்குப் பிடித்தது. எடைக்கு அமுங்கி மீண்டும் எழும். நனைந்தால் மட்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் மழைக்காலத்தில் அதன் மேல் தார்ப்பாய் வேண்டும்.

ஹெட் என்னும் ஆம்ப் பெட்டி தனி, ஸ்பீக்கர் கேபினெட் தனி என்று இருப்பவர்களுக்கு வேலை எளிது. உயரமாக அடுக்கிய மார்ஷல் ஸ்டாக் என்ற உருவமே தூக்கிச் செல்வதில் இருந்த சிரமத்தால் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1965-இல் தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், எட்டு 12 அங்குல ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் கேட்டார். லண்டனில் ஆம்ப் தயாரித்துவந்த ஜிம் மார்ஷல் அதைச் செய்தும் கொடுத்தார். தூக்குபவர்களால் முடியாத எடையாக இருந்ததால், நான்கு நான்காகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் வடிவம் வந்தது. மேடையில் அடுக்கலாம், வண்டியில் ஹெட்டை கேபினெட் மேல் வைக்கவே கூடாது.

மலைப்பாதை என்றால் கணக்கு மாறும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள்; ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40. அங்கே மேலும் கீழுமான குலுக்கலைவிடப் பக்கவாட்டு இழுப்புதான் பெரிது. உயரமான பெட்டி சாயும், சக்கரம் பூட்டாத கேஸ் உருளும். ஸ்பீக்கர் பக்கம் வண்டியின் முன்னோக்கி இருக்கும்படி நிறுத்தி, ராட்செட் பெல்ட் இரண்டைக் குறுக்கே போட வேண்டும். கயிறு முதல் பத்து வளைவிலேயே தளர்ந்துவிடும். ஊட்டியில் இரவு வாசித்துவிட்டு மறுநாள் மேட்டுப்பாளையம் இறங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்துக் குளிரில் இரவு முழுவதும் வண்டியில் கிடந்த டிரான்ஸ்ஃபார்மரும் சேஸிஸும் கீழே வந்த பிறகும் குளிர்ந்தே இருக்கும். சமவெளியின் ஈரக்காற்று பட்டவுடன், ஐஸ் தண்ணீர் நிரம்பிய சொம்பின் வெளிப்புறம்போல் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். சில நூறு வோல்ட் ஓடும் இடத்தில் அந்த ஈரம் ஆபத்தானது. கேஸைத் திறக்காமல் நிழலில் சில மணி நேரம் விட்டுவைத்தால், நீர் கேஸின் வெளிப்புறத்தில் கோத்துத் தானாகவே உலர்ந்துவிடும்.

வால்வுகளைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் அதிகம். கோவையிலிருந்து ஈரோடு வரை 100 கிலோமீட்டர், நாமே கூட இருந்து கொண்டுபோகிறோம் என்றால் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் சாக்கெட்டின் பிடி தளர்கிறது. சிறிய வால்வுகளின் மெல்லிய பின்கள் வளைகின்றன. பெரியவற்றின் நடுவில் இருக்கும் வழிகாட்டிக் கட்டை உடைந்தால் தவறான கோணத்தில் செருகிவிடும் அபாயம் இருக்கிறது. பார்சல் சர்வீஸிலோ பஸ்ஸின் அடிப்பெட்டியிலோ அனுப்புகிறோம் என்றால் பவர் வால்வுகளைக் கட்டாயம் கழற்ற வேண்டும், ஏனென்றால் அங்கே பெட்டி தலைகீழாகக் கிடக்குமா, எதன் அடியில் நசுங்குமா என்பது நம் கையில் இல்லை. கழற்றும்போது எந்த வால்வு எந்தச் சாக்கெட் என்று எண் குறித்துவைத்து அதே இடத்தில் மாட்ட வேண்டும். புதிய வால்வு போட்டால் பல ஆம்ப்களில் பயாஸை, அதாவது சும்மா இருக்கும்போது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை, சரிசெய்ய வேண்டியிருக்கும். அது தெரிந்தவர் செய்யும் வேலை. சேஸிஸைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். வால்வை மாற்றப் பின்பலகையைக் கழற்றுவது வேறு, சேஸிஸை வெளியே இழுப்பது வேறு. இரண்டாவதை மண்டபத்து மேடைக்குப் பின்னால் அவசரத்தில் யாரும் செய்ய வேண்டாம். பெங்களூருவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு செய்தது. இன்று புதிய வால்வு என்றால் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். ஒரு செட் மாற்று வால்வும் சரியான அளவு ஃப்யூஸும் கிதார் பையில் இருந்தால், நோம்பி மேடையில் கைபிசைந்து நிற்க வேண்டியதில்லை.

இறக்கிய பிறகு முதலில் காதை வைத்துக் கேட்க வேண்டும். இருவர் பிடித்து மெதுவாகச் சாய்த்தால், கழன்ற ஸ்குரூவோ உடைந்த கண்ணாடித் துண்டோ உள்ளே உருளும் சத்தம் வரும். பிறகு பின்பக்கத்தில் டார்ச் அடித்து, வால்வுகள் சாக்கெட்டில் முழுவதும் இறங்கியிருக்கின்றனவா, வெள்ளிப் பூச்சு வெள்ளியாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரைச்சலும் ஊளையும் வந்தால், அடியில் இருக்கும், எதிரொலி தரும் ஸ்பிரிங் பெட்டியான ரிவெர்ப் டேங்கின் சிறிய பிளக் கழன்றிருப்பதும் ஒரு வழக்கமான காரணம். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஸ்பீக்கர் ஜாக். டிரான்சிஸ்டர் ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்ப்பில் அப்படியல்ல. போக இடமில்லாத ஆற்றல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மிகையான மின்னழுத்தமாக எழும்பி, அதன் உட்சுற்றைச் சுட்டுவிடும். குலுக்கலில் பாதி வெளியே வந்த ஒரு பிளக்கால், ஆம்ப்பில் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்றை இழந்துவிடுவோம்.

ஜெனரேட்டர் ஓடும் திருவிழா மேடையில் பிளக்கைச் செருகும் முன் மல்டிமீட்டரில் 230 வோல்ட்டை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆம்ப்பின் பின்னால் இருக்கும் வோல்டேஜ் தேர்வுக் குமிழும் அதே அளவில் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஹீட்டர் மட்டும் ஓடும் ஸ்டாண்ட்பை நிலையில் ஓரிரு நிமிடம் சூடேறவிட்டு, சுவிட்சை மேலே தள்ளியதும் கிதாரைத் தொடாமல் வால்வுகளைப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய நீல ஒளி படர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நல்ல வால்விலும் அது தெரியும். நடுவில் இருக்கும் இழை ஒளிர்வது இயல்பு. ஆனால் வெளித்தகடு மங்கலான சிவப்பில் கனிந்து வருவதைக் கண்டால், பாட்டு தொடங்கும் நேரமாக இருந்தாலும், உடனே அணைத்துவிட வேண்டும்.